கருப்பையா அண்ணன் மோட்டாரை அணைத்த நாள்

ஓய்வு பெற்றதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். "நீங்க என்ன வேலையிலங்க இருந்தீங்க?" நான் உண்மையைத்தான் சொல்வேன். "உப்புக்கல் மேல புரோட்டானை உரசவிட்டு, அது எப்படித் தெறிக்குதுன்னு எண்ணுற வேலைங்க." அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். "உப்பளத்துலயா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவேன். சாம்பார் ஆறுவதற்குள் அணு இயற்பியலை விளக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

இப்போது விளக்கியே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அன்னவாசலுக்கு அங்கிட்டுப் பொட்டல்வெளியில் இருக்கிற எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் பழைய கட்டுப்பாட்டு மேசையைக் கழற்றிவிட்டார்களாம். கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் புது மேசை வந்திருக்கிறது. அதில் உட்காரும் பிள்ளைகள் போனில் கேட்டார்கள்: "வசந்தாக்கா, கையால குமிழைத் திருகி, காகிதத்துல கோடு ஓடுறதைப் பார்த்து, எப்படித்தான் அதுல வந்த அந்த அலையை நம்புனீங்க?" எழுதித் தரச் சொன்னார்கள். நாங்கள் எங்கே நம்பினோம்? நம்பாததுதான் கதையே.

என் சொந்த ஊர் கீரமங்கலம். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு இந்தக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் புரோட்டான் இருக்கும் திசைக்கே என்னை விடவில்லை. வெற்றிடக் குழாய்களை அசிட்டோனால் துடைத்தேன், போல்ட்டு முடுக்கினேன், காற்று எங்கே கசிகிறது என்று தேடித் தேடிக் கழுத்து சுளுக்கிக்கொண்டேன். பிறகு பீம் ஆபரேட்டர் நாற்காலி கிடைத்தது. அறிக்கையில் புரோட்டான் கற்றை என்று எழுதுவோம், வாயில் என்னவோ பீம்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றே அது என் பீம் ஆகிவிட்டது. யாராவது அது ஆடுகிறது, நடுங்குகிறது என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இப்போதும் வரும்.

வேலை இதுதான். ஹைட்ரஜன் அணுவிடமிருந்து அதன் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது புரோட்டான். அதைப் பல லட்சம் வோல்ட்டில் விரட்டி, பெரிய காந்தத்தால் வளைத்து, குறுகலான பிளவுகள் வழியாக நுழைத்து, காற்றே இல்லாத ஓர் எஃகுக் கலத்துக்குள் அனுப்புவோம். கலத்தின் நடுவே நகத்தளவு பொட்டாசியம் குளோரைடு படிகம் நிற்கும். பார்க்க உப்புக்கல் மாதிரியே இருக்கும், எங்கள் வாயிலும் அது கல்தான். பீமை அதன் மேல் நேராக அடிக்க மாட்டோம். உரசிக்கொண்டு போகிற மாதிரி மிகச் சாய்வாக விடுவோம்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்திருப்பீர்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தால் தத்தித் தத்திப் போகும். அலையடித்தால் முதல் தத்திலேயே முழுகிவிடும். புரோட்டானும் அப்படித்தான். கல்லின் மேல்பரப்பு அணு அளவில் சமமாக இருந்தால் ஒரே திசையில் தெறிக்கும், மேடும் பள்ளமுமாக இருந்தால் கண்டபடி சிதறும். எதிரே இருக்கும் கருவி அந்த ஒரு திசையில் வருகிறவற்றை மட்டும் எண்ணும். எண்ணிக்கை ஏறினால் பரப்பு வழவழப்பு, இறங்கினால் கரடுமுரடு. எழுதுகோல் பொருத்திய கருவி ஒன்று அதைக் காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டே வரும்.

கல்லுக்கு மேலே ஓர் எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கும். எலக்ட்ரான் விழுந்தால் இந்த வகை உப்பு சும்மா இருக்காது, மேல்பரப்பிலிருந்து அணுக்கள் கழன்று பறக்கும். கண்டபடி கழல்கிறதா, ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு கூத்தும்.

இந்தக் கூத்துக்குத் தலைவர் கோதண்டம் சார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுக்குத் துண்டு. திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஏதாவது கோளாறு என்று போய் நின்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். "கதவைத் தொறந்ததுலேர்ந்து சொல்லுங்க" என்பார். நாம் சொல்லத் தொடங்குவோம். நிறுத்தும் இடத்தில் எல்லாம் "அப்புறம்?" என்பார். எந்தக் குமிழை எந்தக் கையால் திருகினோம், அப்போது யார் உள்ளே வந்தார்கள் என்பது வரை போகும். பெரும்பாலும் அவர் எந்தத் தவறையும் கண்டுபிடிக்க மாட்டார். மூன்றாவது "அப்புறம்" வரும்போது நாமே நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து ஓடிவிடுவோம்.

கல்லைப் பிளப்பதை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். உப்புக்கு ஈரம் ஆகாது. நம் விரல் வியர்வையும் மூச்சுக்காற்றும் பட்டாலே பரப்பு கெட்டுவிடும். அதனால் கையுறை, வாய்க்கு முகமூடி. பெரிய படிகத்தை விளக்கடியில் வைத்து, அதன் இயல்பான தளத்தோடு சவர பிளேடைச் சரித்துச் சரித்து நிறுத்துவார். சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. அந்த நேரத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொள்வார், அறையில் இருக்கிற நாங்களும் அடக்கிக்கொள்வோம். 'டிக்' என்று சத்தம் வந்தால் கண்ணாடி மாதிரி ஒரு முகம் திறந்திருக்கும். 'நறுக்' என்று வந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. உடனே கலத்துக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, லேசாகச் சூடேற்றி, ஒட்டியிருக்கும் ஈரத்தையும் விரட்டிய பிறகுதான் பீம்.

ஜெசிந்தா இந்த வேலைக்கு ஆய்வு மாணவியாக வந்தாள். அறந்தாங்கிப் பெண். அப்பா பல வருஷம் குவைத்தில் இருந்து, இவள் படிப்பு முடியட்டும் என்று இன்னும் அங்கேயே இருந்தார். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாகச் சாப்பிடுவாள். ஒருநாள் எலக்ட்ரான் துப்பாக்கியை ஓடவிட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, இங்கிட்டு வாங்களேன்!" என்று கத்தினாள். எண்ணிக்கை இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான், பரப்பு கெட்டுப்போகிறது. ஆனால் இறங்கினது மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. காகிதத்தில் அலை அலையாக வந்துகொண்டே இருந்தது.

ஜெசிந்தாவின் விளக்கம் அழகாக இருந்தது. செங்கல் சுவரை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பிரிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு வரியில் பாதிக் கல் எடுத்திருக்கும்போது சுவர்த்தலை பல்லும் பொந்துமாக இருக்கும். வரி முழுக்க எடுத்துவிட்டால் மறுபடி சமம். உப்பும் அப்படித்தான் ஓர் அணு அடுக்கு முழுக்கப் போன பிறகே அடுத்த அடுக்கைத் தொடுகிறது என்றாள். ஓர் அலை என்றால் ஓர் அடுக்கு. துப்பாக்கியை அணைத்துக் காட்டினாள், அலை நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

"அப்புறம்?" என்றார் கோதண்டம் சார்.

"அப்புறம் சாப்பிடப் போயிட்டோம் சார்."

அதோடு நிறுத்தியதற்கு வேறோர் ஆளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். பீம் நேரத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும் குழு கூடியபோது, வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, இது கல்லின் அலை இல்லை, கரண்ட்டின் அலை என்று சொல்லிவிட்டார். வரும் வழியில் எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு பம்புசெட் ஓடுவதைப் பார்த்தாராம். மோட்டார் ஓடினால் வோல்ட்டேஜ் சரியும், காந்தம் தளரும், பீமின் கோணம் மாறும், எண்ணிக்கை இறங்கும். மோட்டார் நின்றால் ஏறும். துப்பாக்கியை அணைத்த அதே நேரத்தில் மோட்டாரும் நிற்கவில்லை என்று யார் பார்த்தது என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் நிரூபிக்காவிட்டால் பீம் நேரம் வேறு குழுவுக்குப் போய்விடும் என்றார்கள். ஜெசிந்தாவின் உதவித்தொகை அந்த மார்ச்சோடு முடிகிறது. அந்த அலை இல்லையென்றால் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயம் இல்லை, பட்டமும் இல்லை. அவள் வேகமாகச் சாப்பிடுவதை அன்றைக்கு நிறுத்தினாள். எனக்கோ, என் பீம் ஆடுகிறது என்று ஒரு மனிதர் ஊரறியச் சொன்னது பொறுக்கவே இல்லை.

பம்புசெட்டுக்காரர் கருப்பையா அண்ணன். வாழை போட்டிருந்தார். அப்போதெல்லாம் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அவர் கிணறும் வற்றி வற்றி ஊறுகிற கிணறு. ஊறினால் போடுவார், வற்றினால் அணைப்பார். அதாவது மோட்டாரும் அலை அலையாகத்தான் ஓடும்! நிபுணர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் ஜெசிந்தாவும் வரப்பில் நடந்து போய் நின்றோம்.

"அண்ணே, ஒருநாள் கரண்டு இருக்கையிலயே மோட்டாரை அணைச்சு வைக்கணும்."

"நல்லா இருக்கே தங்கச்சி. கரண்டு வாரதே அத்திப்பூ மாதிரி. அந்நேரம் பார்த்து அணைக்கவா? எதுக்கு?"

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லின் சில்லு ஒன்றை எடுத்து வந்திருந்தாள். எலக்ட்ரான் நிறைய வாங்கியதால் அது ஊதா நிறமாகியிருந்தது. கருப்பையா அண்ணன் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்தா கல்லு இது?"

"பொட்டாசியம் குளோரைடுங்கண்ணே."

"பொட்டாசா? வாழைக்குப் போடுற பொட்டாசா? அதைச் சுடுறதுக்கா என் மோட்டாரை அணைக்கச் சொல்றீக?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்களுக்கும் அடங்கவில்லை. பிறகு ஜெசிந்தா, பட்டம் இதில்தான் நிற்கிறது என்று நேராகச் சொன்னாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார். "சரித்தா. ஒரு நாளைக்குத்தானே, வாழை செத்துப்போகாது. ஆனா அந்தப் பொட்டாசு என்ன ஆகுதுன்னு நானும் வந்து பாப்பேன்."

குறித்த நாளில் மும்முனை வந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அவர் மோட்டாரை அணைத்தார். அணைத்துவிட்டு வேலியோரம் நின்று துண்டை வீசிக் காட்டினார். நான் பீமைக் கொடுத்தேன், ஜெசிந்தா துப்பாக்கியைப் போட்டாள். கோடு இறங்கியது. ஏறியது. இறங்கியது. மோட்டார் இல்லாமலேயே அலை வந்துவிட்டது. நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்.

கோதண்டம் சார் மட்டும் குதிக்கவில்லை. இன்னொன்று கேட்டார். அலை கல்லில்தான் இருக்கிறது என்றால், கோடு அடிவாரத்தில் இருக்கும்போது துப்பாக்கியை அணையுங்கள். பாதி பிரிந்த அடுக்கு பாதியாகவே நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் கழித்துப் போட்டாலும் கோடு விட்ட இடத்திலிருந்துதான் ஏற வேண்டும். கருவியின் ஆட்டம் என்றால் அதற்கு விட்ட இடம் தெரியாது. கேட்கும்போதே சரியென்று பட்டது. கோடு நன்றாகக் கீழே இறங்கிய நேரத்தில் ஜெசிந்தா துப்பாக்கியை அணைத்தாள். பீமையும் மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். அவள் மறுபடி வேகமாகச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்து போட்டோம். கோடு அடிவாரத்தில் இல்லை. உச்சியில் இருந்தது. உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது, காலையில் எதுவுமே நடக்காத மாதிரி.

ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அப்படியென்றால் நிபுணர் சொன்னதுதான் சரியா? மோட்டார் இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்று ஆடுகிறது, என் பீம்தான் ஆடுகிறது. கோதண்டம் சார் கடிகாரத்தைக் கழற்றி ஜெசிந்தாவின் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"சாப்பிட்டு வந்து கதவைத் தொறந்ததுலேர்ந்து சொல்லுங்கம்மா."

"கதவைத் தொறந்தேன் சார். செருப்பைக் கழட்டினேன். வெற்றிட மீட்டரைப் பார்த்தேன், சரியா இருந்துச்சு."

"அப்புறம்?"

"கல்லோட சூட்டைப் பார்த்தேன், அதுவும் சரி."

"அப்புறம்?"

"புதுசா அளக்கப் போறோமேன்னு நீங்க சொல்ற மாதிரியே கல்லைக் கொஞ்சம் பக்கவாட்டுல நகர்த்தி, புது எடத்துல..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். 'ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புது இடம்' என்பது கோதண்டம் சார் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் விதி. எலக்ட்ரான் பட்ட இடத்தில் அடுத்த அளவை எடுக்கவே கூடாது. அது எங்கள் கையிலேயே ஊறிப்போயிருந்தது. பேருந்தில் ஏறினால் ஜன்னல் சீட்டைத் தேடுகிற மாதிரி, மேசையில் உட்கார்ந்தால் கல்லை நகர்த்துவோம். வேறு எந்தக் கூடத்து ஆளாக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், அவனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. தொடாத புது இடத்தில் கோடு உச்சியில் இருக்காமல் வேறெங்கே இருக்கும்?

கோதண்டம் சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "என் விதியே என் கழுத்தை அறுத்துடுச்சு" என்றார். பழைய இடத்துக்கே கல்லைத் திருப்பிக் கொண்டுபோகலாம், ஆனால் மயிரிழை தவறினாலும் யாராவது கேள்வி கேட்பார்கள். புதிதாக முதலிலிருந்தே செய்வது என்று முடிவானது. அதற்கு மோட்டார் இன்னும் அணைந்தே இருக்க வேண்டும். நான் வேலிக்கு ஓடினேன்.

"இன்னுமா?" என்றார் கருப்பையா அண்ணன். "சரி, நான் உள்ள வாரேன். அங்கிட்டு நின்னா எனக்குக் கை சும்மா இருக்காது, போய்ப் போட்டுருவேன்."

கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். ஏசி குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டார். "இதுல பொட்டாசு எங்க?" என்று கேட்டார். சுவருக்கு அங்கிட்டு இருக்கிற எஃகுக் கலத்துக்குள் என்றேன். "அப்ப நீங்களும் பாக்கலையா?" என்றார். இல்லை, கோட்டைத்தான் பார்க்கிறோம் என்றேன். அவர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் குறட்டை விடத் தொடங்கினார்.

கோடு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. அடிவாரத்தில் ஜெசிந்தா துப்பாக்கியை அணைத்தாள். பீமை நான் மூடினேன். இந்தத் தடவை யாரும் அறையை விட்டு நகரவில்லை. ஜெசிந்தா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள், பழக்கத்தில் கல்லை நகர்த்திவிடக் கூடாது என்று. கோதண்டம் சார் சுக்கை மென்றார். காத்திருந்தோம். பிறகு அவர் தலையசைக்க, நான் பீமைத் திறந்தேன்.

கோடு அடிவாரத்தில் நின்றது. அசையாமல் அங்கேயே நின்றது. ஜெசிந்தா துப்பாக்கியைப் போட்டாள். அடிவாரத்திலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியது, உச்சிக்குப் போனது, மறுபடி இறங்கியது. நிறுத்தாமல் ஓடியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே. நான் வெட்கப்படாமல் அழுதேன். ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் கருப்பையா அண்ணன் பதறி எழுந்து, "கரண்டு போச்சா?" என்றார்.

அடுத்த நாள் மோட்டார் ஓட ஓட ஒரு தடவை செய்து பார்த்தோம். அலை அதே அலைதான், ஓர் இம்மி மாறவில்லை. துப்பாக்கியின் மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அலை இரண்டு மடங்கு வேகமாக வந்தது. குழுவுக்கு எல்லாக் காகிதமும் போனது. பீம் நேரம் எங்களிடமே நின்றது.

ஆய்வேடு முடிந்து வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். அதற்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஜெசிந்தா கருப்பையா அண்ணனையும் அழைத்திருந்தாள். அவர் வெள்ளைச் சட்டையோடு, ஒரு தார் பூவம்பழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குவைத்திலிருந்து அவள் அப்பாவும் வந்திருந்தார். கேள்வி கேட்க வந்த தேர்வாளர் கறாரான மனிதர். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அன்றைக்குப் பம்பு மோட்டார் அணைந்துதான் இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கருவி அறைக்குள் அல்லவா இருந்தீர்கள்?"

ஜெசிந்தா ஆய்வேட்டைப் புரட்டத் தொடங்கினாள். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தாங்க அணைச்சேன்."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. கருப்பையா அண்ணன் எழுந்து நின்றார். "தண்ணி பாதிப் பாத்தியில போய்க்கிட்டு இருந்துச்சுங்க. அணைச்சுப்புட்டேன். பாதி நனைஞ்சு பாதி காஞ்சு கெடந்துச்சு. மறுநாள் அந்தப் பாதியிலேர்ந்துதாங்க மடையைத் தொறந்தேன்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முன்வரிசையில் இருந்த கோதண்டம் சார் திரும்பினார். வேண்டுமென்றே கேட்டாரா, பழக்கத்தில் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க? இந்தப் புள்ளைக்குப் பட்டத்தைக் குடுங்க."

கொடுத்தார்கள்.